கல்லாப்பெட்டியும் கரும்பலகையும்

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குப் ‘பள்ளி’ என்னும் சொல் இரு பொருள் தருவது. தொழுமிடமும் பள்ளி, பிள்ளைகள் படிக்குமிடமும் பள்ளி. முன்னதன் செலவு எங்கிருந்து வருகிறது என்பது நம் வீட்டுச் சிறுவருக்கும் தெரியும். ஊர் ஜமாஅத்தார் கொடுக்கும் சந்தா, பெரியவர்கள் வக்ஃபு செய்துவிட்டுப் போன நிலத்தின் விளைவு, பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளின் வாடகை ஆகியவற்றைக் கொண்டே விளக்கு எரிகிறது. இமாமுக்கும் முஅத்தினுக்கும் ஊதியம் போகிறது. அந்தக் கடைகளுள் ஒன்றைச் சாராயம் விற்பதற்கு எவரேனும் கேட்டால், பத்து மடங்கு வாடகை தருவதாகச் சொன்னாலும் நாம் இசைய மாட்டோம். வரும் பணத்தின் தூய்மையைப் பற்றி நமக்கு அத்தனை கவலை.

பின்னதன் செலவு எங்கிருந்து வருகிறது? அரசு கொடுக்கிறது என்று சொல்லி நாம் நிறுத்திக்கொள்கிறோம். அரசுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதில்லை. வணிகம் செய்து வாழும் சமுதாயம் கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே அன்றோ? வரவு எழுதாமல் செலவு மட்டும் எழுதிய கணக்கேட்டை எந்தக் கடைக்காரரும் ஏற்பதில்லை.

இந்தக் கேள்விக்கு நம் நாட்டு வரலாறு பல விடைகளைத் தந்திருக்கிறது. அவற்றுட் பெரும்பாலானவை தருமபுரி மண்ணோடு தொடர்புடையவை என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இன்றைய தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரியில் அதிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்திய கதையெல்லாம் சேலம் மாவட்டக் கதையாகவும், அதற்கும் முன்னே பாராமகால் நாட்டுக் கதையாகவுமே எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஏடுகளைப் புரட்டினால் நமக்குரிய பாடம் அங்கே இருக்கிறது.

மன்றோ போட்ட கணக்கு

1792 மார்ச்சில் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகால் நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. புதிதாகக் கிடைத்த நாட்டில் வரி வாங்குவதற்குக் கம்பெனி அனுப்பியவர் அலெக்சாண்டர் ரீடு என்னும் படைத்தலைவர். அவருக்கு உதவியாளராக வந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரையில் ஏழாண்டுக் காலம் மன்றோ இந்த வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்று நிலத்தை அளந்தார், குடியானவரோடு பேசினார், தீர்வை விதித்தார். தருமபுரியிலும் அவர் வாழ்ந்தார். நாட்டு மக்கள் எதைக் கொடுக்க வல்லவர், எதைக் கொடுக்க மாட்டாதவர் என்பதை அவர் கற்ற இடம் நம் மாவட்டமே எனலாம்.

அதே மன்றோ 1820இல் சென்னை மாகாணத்தின் கவர்னர் ஆனார். 1822இல் அவர் ஒரு புதுமை செய்தார். மாகாணம் முழுவதிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் உள்ளன, எத்தனை பிள்ளைகள் படிக்கின்றனர், அவர்கள் எந்தெந்த வகுப்பினர் என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். முஸ்லிம் பிள்ளைகளுக்கென்று அந்தப் பட்டியலில் தனிக்கட்டம் இருந்தது. வந்த விடைகளைத் தொகுத்து 1826 மார்ச் 10ஆம் நாள் ஓர் அரசுக் குறிப்பு எழுதினார். ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற கணக்கு.

அந்தப் பள்ளிகளை நடத்தியது அரசன்று. பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த சம்பளத்தைக் கொண்டு திண்ணை ஆசிரியர் வாழ்ந்தார். அவருக்கு மாதம் 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை என்றும், அந்த ஊதியத்துக்குத் தகுதியுடையோர் எவரும் முன்வர மாட்டார் என்றும் மன்றோ கண்டார். ஆதலின் அரசே ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று அவர் முன்மொழிந்தார்.

அவர் போட்ட கணக்கை வணிகக் கண்ணோடு பார்ப்போம். இருபது கலெக்டர் மாவட்டங்களில் மாவட்டத்துக்கு இரண்டு தலைமைப் பள்ளிகள். ஒன்று இந்துக்களுக்கு, மற்றொன்று முஸ்லிம்களுக்கு. ஆசிரியர் ஒருவருக்கு மாதம் 15 ரூபாய் வீதம் நாற்பது பள்ளிகளுக்கு 600 ரூபாய். தாசில்தார் வட்டத்துக்கு ஒன்றாக 300 பள்ளிகள். ஆசிரியருக்கு 9 ரூபாய் வீதம் 2,700 ரூபாய். சென்னையில் ஆசிரியரைப் பயிற்றுவதற்கும் பாடநூல்களுக்கும் 700 ரூபாய். ஆக மாதம் 4,000. ஆண்டுக்கு 48,000 ரூபாய். ஒரு மாகாணத்தின் கல்வி முழுவதற்கும் அரசு ஒதுக்க நினைத்த தொகை இது.

அந்தச் சிறு தொகையும் நிலைக்கவில்லை. 1827 ஜூலையில் மன்றோ வாந்திபேதியால் இறந்தார். தொடங்கப்பட்ட சில பள்ளிகளும் 1836இல் மூடப்பட்டன. பொதுப்பணத்தைக் கொண்டு பள்ளி நடத்தலாம் என்ற முதல் முயற்சி பத்தாண்டில் முடிந்துபோயிற்று. அது முடிந்த காரணத்தை நாம் மறக்கலாகாது. அந்தப் பள்ளிகளுக்கென்று தனித்த வருவாய் எதுவும் குறிக்கப்படவில்லை. கவர்னர் ஒருவரின் நல்லெண்ணமே அவற்றின் முதல். முதலாளி மறைந்தார், கடை மூடப்பட்டது.

வணிகர் கட்டிய பள்ளிகள்

1854இல் லண்டனிலிருந்து வந்த உட் என்பாரின் கல்வி அறிக்கை வேறொரு வழி காட்டியது. தனியார் பள்ளி தொடங்கட்டும். அரசு அதற்கு உதவித்தொகை கொடுக்கும் என்பது அதன் சாரம். இந்த வழி வணிகச் சமுதாயங்களுக்கு ஏற்றதாக அமைந்தது. ஏனெனில் முதலீடு செய்து, பின்பு அதன் பயனை எதிர்நோக்குவது அவர்களுக்குப் பழகிய முறை.

விருதுநகர் நாடார் வணிகர்கள் கடை வரவில் மகமை எடுத்தும், வீடுதோறும் பிடி அரிசி திரட்டியும் 1889இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். நம் சமுதாயத்திலும் அதே எண்ணம் வேரூன்றியது. தோல் வணிகத்தில் ஓங்கிய வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியக் கல்லூரி எழுந்தது. மேல்விஷாரம் வள்ளல் மர்ஹூம் சி. அப்துல் ஹக்கீம் சாகிபு (1863 – 1938) தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கும் அறத்துக்கும் வாரி வழங்கினார். அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1965இல் அவ்வூரில் தோன்றிற்று. திருச்சிராப்பள்ளி ஜமால் முகமது கல்லூரி 1951இல் ஹாஜி ஜமால் முகமது சாகிபு, காஜாமியான் ராவுத்தர் என்னும் இரு வணிகப் பெருமக்களின் கொடையால் அமைந்தது.

இவையெல்லாம் நமக்குப் பெருமை தருவன. எனினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் பெருவணிகர் இருந்தனர், கல்லூரிகள் எழுந்தன. பெண்ணாகரத்திலும் பாலக்கோட்டிலும் அரூரிலும் நம்மவர் வைத்திருந்தவை சிறு கடைகள். வாரச் சந்தையை நம்பிய வாழ்வு. புளியும் தானியமும் வாங்கி விற்கும் ஒருவர் கல்லூரி கட்ட இயலுமா? கொடையால் வளரும் கல்வி, கொடையாளர் வாழும் ஊரிலேயே வளரும். கொடையாளர் இல்லாத ஊருக்கு அரசுப் பள்ளியே கதி. தருமபுரி அத்தகைய மாவட்டம்.

1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இந்தக் குறையைப் போக்க ஒரு வழி வகுத்தது. நகராட்சிகளும் உள்ளாட்சிக் கழகங்களும் கல்வி வரி விதிக்கலாம். அரசும் அதற்கு ஈடாகத் தன் பங்கைச் செலுத்தும் என்றது. இன்றும் நகரில் கடையோ வீடோ உடையவர்கள் சொத்து வரி கட்டும்போது அதனுள் கல்வி வரியும் ஒரு பகுதியாக அடங்கியிருக்கிறது. நூலக வரியும் உடன் வருகிறது. நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்; கட்டுகிறோம் என்பதைத்தான் அறியாதிருக்கிறோம்.

சாராயக் கடையும் பள்ளிக்கூடமும்

1919ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டப்படி மாகாணங்களில் இரட்டையாட்சி ஏற்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சர்களிடம் சில துறைகள் மட்டும் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று கல்வி. மற்றொன்று கலால், அதாவது கள், சாராய வருவாய். சென்னை மாகாணத்தின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கள்ளிலிருந்தும் சாராயத்திலிருந்தும் வந்தது. பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டுமானால் சாராயக் கடையை மூடாதிருக்க வேண்டும் என்னும் நிலைக்கு அமைச்சர்கள் ஆளாயினர். தந்தை சாராயக் கடையில் கொடுத்த காசில் மகன் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்தான்.

இந்தக் கட்டை அறுக்க முனைந்தவர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர். ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜகோபாலாச்சாரியார் சேலத்தில் வழக்கறிஞராக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றியவர். 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்துக் கிராமங்களில் குடியின் கொடுமையை நேரிற் கண்டவர். 1937 ஜூலையில் மாகாண முதலமைச்சர் ஆனதும், மதுவிலக்கை எங்கே தொடங்குவது என்ற கேள்வி எழுந்தது. தம் சொந்த மாவட்டத்தையே அவர் தேர்ந்தார். 1937 அக்டோபர் முதல் நாள், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டங்களை உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டம் முழுவதிலும் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மூடப்பட்டன. அடுத்த ஆண்டில் சித்தூர், கடப்பை மாவட்டங்களும், 1939இல் வட ஆர்க்காடும் சேர்ந்தன.

சரி, பள்ளிகளுக்குப் பணம்? அதே 1937இல் காந்தியடிகள் இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டார். குடிப்பணத்தைக் கொண்டு குழந்தைகளுக்குக் கல்வி தரும் நிலை ஒரு கொடிய முரண் என்று ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். அதற்கு அவர் கண்ட மாற்று, கைத்தொழில் வழிக் கல்வி. பிள்ளைகள் நூற்கட்டும், நெய்யட்டும். அவர்கள் செய்த பொருளை அரசு வாங்கிக்கொள்ளட்டும். அந்த வருவாயே ஆசிரியர் ஊதியத்துக்கு ஆகட்டும் என்றார். அந்த அக்டோபர் 22, 23ஆம் நாட்களில் வார்தாவில் மாநாடு கூடியது. அதை ஆராயும் குழுவுக்குத் தலைவராக அமர்ந்தவர், அப்போது தில்லி ஜாமியா மில்லியாவின் துணைவேந்தராக விளங்கியவரும், பிற்காலத்தில் 1967 முதல் 1969 வரை குடியரசுத் தலைவராக இருந்தவருமான டாக்டர் ஜாகிர் உசேன். கைத்தொழிலின் கல்விப் பயனை முழுமனத்தோடு ஏற்ற அந்த அறிஞர், பள்ளி தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்ற பகுதியில் தம் ஐயத்தை மாநாட்டிலேயே தெரிவித்தார்.

அந்த ஐயம் நியாயமானது. வாணிபம் அறிந்தவர் எவரும் அதையே கேட்டிருப்பர். ஏழு வயதுப் பிள்ளை நூற்ற நூலைச் சந்தையில் யார் வாங்குவார்? அரசு வாங்குமென்றால், அரசு கொடுக்கும் விலை எங்கிருந்து வரும்? சுற்றிச் சுற்றி வரி கொடுப்பவரிடமே வந்து நிற்கும். கணக்கை எப்படி எழுதினாலும் பள்ளிக்கு ஒருவர் பணம் கொடுத்தே ஆகவேண்டும். குடிப்பவர் கொடுக்காவிட்டால் வேறொருவர் கொடுக்க வேண்டும். அந்த வேறொருவர் யார் என்பதற்கு இராஜாஜி அரசு கண்ட விடை, வணிகர்.

வணிகரின் முறையீடு

1939இல் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் பிறந்தது. இந்தியாவில் எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட முதல் விற்பனை வரி அதுவே. ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்குக் குறைவாக விற்பவருக்கு வரி இல்லை. 20,000 ரூபாய் வரையில் விற்பவர் மாதம் 5 ரூபாய் கட்ட வேண்டும். அதற்கு மேற்பட்டவர் மொத்த விற்பனையில் நூற்றுக்கு அரை ரூபாய் கொடுக்க வேண்டும். புகையிலைக்கும் கேளிக்கைக்கும் தனி வரிகள் அதே ஆண்டில் வந்தன. மதுவிலக்கால் இழந்த வருவாயை ஈடு செய்வதே நோக்கம் என்று அரசு வெளிப்படையாகச் சொல்லிற்று. அந்த அமைச்சரவையில் நம்மவரும் வணிகத்திலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவருமான யாகூப் ஹசன் சேட் பொதுப்பணி அமைச்சராக இருந்தார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வணிகர் சங்கங்கள் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பைத் தன்னலம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நேர்மையன்று. வரி, இலாபத்தின்மீது விதிக்கப்படவில்லை. விற்ற தொகையின்மீது விதிக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு ஒரு லட்ச ரூபாய்க்குத் தானியம் விற்கும் ஒரு மண்டிக்காரரை எண்ணுவோம். அவருக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் நின்றால் 2,000 ரூபாய் இலாபம். அரை விழுக்காட்டு வரி 500 ரூபாய். இலாபத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. விற்று நட்டம் வந்த ஆண்டிலும் வரி வரியே. பண்டம் பல கைகள் மாறினால் ஒவ்வொரு கையிலும் வரி ஏறும். தோல் வணிகத்தின் தன்மையை எண்ணி, தோலுக்கு ஒரே கட்டத்தில் மட்டும் வரி என்ற விதிவிலக்குக் கிடைத்தது. மற்றப் பண்டங்களுள் பெரும்பாலானவற்றுக்கு அவ்வாறு இல்லை. தலைமுறைகளாகத் தம் முறையில் கணக்கு எழுதியவர்கள், அதிகாரி வந்து ஏட்டைப் புரட்டுவதை மானக்குறைவாகவும் எண்ணினர்.

மறுபுறத்தையும் பார்க்க வேண்டும். சந்தை நாளில் கூலி வாங்கிய ஒருவர் அதைச் சாராயக் கடையில் கொடுத்துவிட்டால், துணிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் அவர் வருவதில்லை. கடை மூடியபின் அந்தக் காசு அரிசியாகவும் துணியாகவும் மாறுகிறது. குடும்பம் கடனிலிருந்து மீள்கிறது. மதுவிலக்கின் பயனைக் குடும்பத்துக்கு அடுத்தபடியாக அடைந்தவர் கடைக்காரரே. பயன் அடைந்தவர் ஒரு பங்கைத் திருப்பித் தருவதில் அநீதி இல்லை. இரண்டு வாதங்களிலும் உண்மை இருந்தது. ஆனால் இரண்டையும் ஒரே மேடையில் வைத்து எவரும் பேசவில்லை. வணிகர் ‘இந்த வரி கூடாது’ என்றனர். ‘இந்த முறையில் வேண்டாம், வேறு முறையில் வாங்குங்கள், வாங்கியதைப் பள்ளிக்கென்று ஒதுக்குங்கள்’ என்று கேட்டிருந்தால் வரலாறு வேறு வகையாகத் திரும்பியிருக்கக்கூடும்.

நடந்தது வேறு. 1939 அக்டோபரில் அமைச்சரவை பதவி விலகிற்று. போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. மதுவுக்கு மாற்றாக வந்த வரியை மட்டும் நிறுத்தவில்லை. பின்னர் அது ரூபாய்க்கு மூன்று பை என்ற அளவுக்கு உயரவும் செய்தது. மாற்றாக வந்தது நிலைத்தது, மாற்றப்பட்டதும் திரும்பிற்று. வணிகர் மனத்தில் அரசின் சொல்லைப் பற்றி விழுந்த முதல் ஐயம் இதுவாகும். இன்றளவும் அது முற்றிலும் நீங்கவில்லை.

ஆறு காசும் நான்கு காசும்

விடுதலைக்குப் பின் 1948 அக்டோபரில் மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு வந்தது. பள்ளிகளின் பணத்தட்டுப்பாடும் தொடர்ந்தது. 1953இல் மீண்டும் முதலமைச்சராக இருந்த இராஜாஜி, தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயிலட்டும் என்றார். அதிகச் செலவின்றி அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. மக்கள் அதைக் குலக்கல்வி என்று வெறுத்தனர். 1954இல் காமராசர் முதலமைச்சர் ஆனதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. சிக்கனம் பார்க்கலாகாத இடத்தில் சிக்கனம் பார்த்தால் என்ன விளையும் என்பதற்கு அது சான்று.

காமராசர், முன்சொன்ன மகமைப் பள்ளியில், விருதுநகர் வித்தியாசாலையில், படித்தவர். வணிகர் எப்போது கொடுப்பார், எப்போது கொடுக்க மாட்டார் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1956இல் மதிய உணவுத் திட்டத்தை ஊராரின் நன்கொடையைக் கொண்டே தொடங்கினார். பின்னர் அரசு பங்கேற்றபோது, ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசு அரசு தர, நான்கு காசு ஊரார் தர ஏற்பாடாயிற்று. 1958இல் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று அவ்வியக்கத்தை நடத்தினார். ஒரு பள்ளிக்கு என்ன குறை என்று முதலில் பட்டியல் எழுதப்பட்டது. கூரையா, பெஞ்சா, கிணறா, மணியா, கடிகாரமா? பட்டியல் ஊரார் முன் படிக்கப்பட்டது. ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை ஏற்றுக்கொண்டனர்.

1939இல் முணுமுணுத்துக்கொண்டு வரி கட்டிய அதே வணிகச் சமுதாயம் 1958இல் மனமுவந்து கொடுத்தது எப்படி? காரணம் எளிது. முன்னதில் கொடுத்த காசு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பின்னதில் தாம் வாங்கிக் கொடுத்த மணி நாள்தோறும் அடிப்பதைக் கேட்டனர். மற்றொன்றும் உண்டு. ஊரார் நான்கு காசு கொடுக்கும்போது அரசு ஆறு காசு கொடுத்தது. தன் பங்கை வைத்துவிட்டு வந்து கேட்கும் கூட்டாளியிடம் எந்த வணிகரும் இல்லை என்று சொல்வதில்லை.

இன்றைய கணக்கு

1971 ஆகஸ்டு இறுதியில் தமிழ்நாட்டில் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1970களின் நடுவில் மீண்டும் வந்தது. 1981இல் மீண்டும் விலகிற்று. அதற்கு அடுத்த ஆண்டு, 1982 ஜூலை முதல் நாள், சத்துணவுத் திட்டம் பெருமளவில் தொடங்கிற்று. 1983இல் அரசின் மது வாணிபக் கழகமான டாஸ்மாக் நிறுவப்பட்டது. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளையும் அரசே நடத்துகிறது. விற்பனை வரி 2007இல் மதிப்புக் கூட்டு வரியாகவும், 2017 ஜூலையில் சரக்கு சேவை வரியாகவும் உருமாறிற்று. மது மட்டும் சரக்கு சேவை வரியின் எல்லைக்குள் வரவில்லை. மாநிலம் தன் விருப்பப்படி விகிதம் வைத்துக்கொள்ளும் மிகச் சில வருவாய்களுள் ஒன்றாக அது எஞ்சி நிற்கிறது.

இரண்டு எண்களை அருகருகே வைப்போம். 2023-24ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்வித் துறைக்குத் தமிழக அரசு ஒதுக்கியது 40,299 கோடி ரூபாய். அதே ஆண்டில் டாஸ்மாக் வழியே அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் ஏறத்தாழ 45,855 கோடி ரூபாய். இதைக் கண்டு, மதுப்பணத்தால்தான் பள்ளி நடக்கிறது என்று சொல்லிவிடலாகாது. எல்லா வருவாயும் ஒரே கருவூலத்தில் விழுகின்றன. அதிலிருந்தே எல்லாச் செலவும் எடுக்கப்படுகின்றன. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பெரும்பகுதி வணிக வரிகளே. ஆதலின் பள்ளி ஆசிரியரின் ஊதியத்தில் நம் கடையின் காசும் இருக்கிறது. மதுக்கடையின் காசும் இருக்கிறது. பள்ளிவாசல் கடையைச் சாராயத்துக்குக் கொடுக்க மறுக்கும் நாம் இந்தக் கலப்பைப் பற்றி எண்ணாமல் இருக்க முடியுமா?

மதுக்கடைகளை மூட வேண்டும் என்று நம் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். பேச வேண்டியதே. ஆனால் மூடினால் குறையும் நாற்பத்தையாயிரம் கோடிக்கு வழி என்ன என்று ஒருவர் எழுந்து கேட்டால் நம்மிடம் விடை உண்டா? 1937இல் இதே தருமபுரி மண்ணில் கடைகள் மூடப்பட்டபோது அந்தக் கேள்வி எழுந்தது. அப்போது விடை சொல்ல வேண்டிய வணிகச் சமுதாயம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வரியும் வேண்டாம், மதுவும் வேண்டாம், பள்ளி மட்டும் வேண்டும் என்பது கணக்காகாது.

கொடையால் இதைச் சரிக்கட்டலாம் என்று கருதுவோரும் உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு நிறுவனங்களும் முன்னாள் மாணவரும் உதவுவதற்கென ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ என்னும் அமைப்பு 2022 டிசம்பரில் தொடங்கப்பட்டு, தொழிலதிபர் வேணு சீனிவாசன் அதன் தலைவராக அமர்ந்தார். காமராசர் காலத்து மாநாடுகளின் மறுபிறப்பு என்று இதைச் சொல்லலாம். வரவேற்கத்தக்கதே. ஆயினும் கொடையின் இயல்பை வணிகர் நன்கறிவர். சுவருக்கு வண்ணம் பூசலாம். கணினி வாங்கித் தரலாம். வகுப்பறை கட்டிப் பெயர்க்கல் பதிக்கலாம். இவை ஒருமுறை செய்யும் முதலீடு. பள்ளியின் பெருஞ்செலவு ஆசிரியர் ஊதியம். அது மாதந்தோறும் வரும் நடைமுறைச் செலவு. ஆசிரியர் ஒருவரின் முப்பதாண்டு ஊதியத்துக்கு எவரும் பெயர்க்கல் பதிப்பதில்லை. மன்றோவின் பள்ளிகள் மூடப்பட்டது கட்டடம் இல்லாமலன்று. ஊதியத்துக்கு உறுதியான வரவு இல்லாமல்.

தருமபுரிக்கு இது வெறும் வாதப் பொருளன்று. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு நூற்றுக்கு 80.09. தருமபுரியில் அது 68.54, மாநிலத்தின் 32 மாவட்டங்களுள் கடைசி இடம். மன்றோ முதல் இராஜாஜி வரை நாட்டுக்கே வழிகாட்டும் முயற்சிகளோடு தொடர்புடைய மண், எழுத்தறிவில் இறுதியில் நின்றது. மலையடி ஊர்களின் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி இல்லை. கொடையாளர் கல்லூரியும் இல்லை. அரசுப் பள்ளி ஒன்றே உண்டு.

நாம் செய்யத்தக்கது என்ன? நம்மில் வசதியுடையோர் தம் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிகளுக்கு அனுப்பிவிட்டோம். அனுப்பிய அன்றே அரசுப் பள்ளியின் வாயிற்படியை மிதிப்பதையும் விட்டோம். பங்கு வைத்திருக்கும் கடைக்குள் பல்லாண்டு போகாதவன், நட்டம் வந்தபின் முறையிடுவதில் பொருளில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு உண்டு. பெற்றோரே அதில் பெரும்பான்மையினர். கணக்கெழுதவும் பார்க்கவும் தெரிந்த கடைக்காரரின் உதவி அக்குழுவுக்கு மிகவும் தேவை. வந்த பணம் எவ்வளவு, செலவான பணம் எவ்வளவு, ஆசிரியர் இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பது குறைகூறலாகாது. கூட்டாளியின் கடமை அது.

அரசிடமும் நாம் ஒன்று கேட்கலாம். பள்ளிக்கென்று வாங்கும் காசைப் பள்ளிக்கென்று காட்டுங்கள். எங்கள் ஊரில் வாங்கிய கல்வி வரி எவ்வளவு, அதிலிருந்து எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போயிற்று என்று பள்ளிச் சுவரிலேயே எழுதி வையுங்கள். மதுக்கடையை மூடும் நாள் வருமானால், அதற்கு ஈடான சுமையில் நியாயமான பங்கை ஏற்க வணிகர் அணியமாக இருக்கிறோம் என்று நாமும் சொல்ல வேண்டும். 1939இல் நம் முன்னோர் சொல்லத் தவறிய சொல் அது.

பள்ளிவாசல் கணக்கை வெள்ளிக்கிழமைதோறும் கேட்கும் ஜமாஅத்து நாம். மற்றப் பள்ளியின் கணக்கையும் ஒரு நாள் கேட்கத் தொடங்குவோம்.